மாமா வீட்டில் மூட்டிய சண்டை

என் அக்கா வீட்டுக்காரர் வனத்துறையில் தீத்தடுப்பு மேஸ்திரி. வெயில் ஏறுவதற்கு முன்பே, காட்டில் சேர்ந்த சருகைக் காற்றுப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிடுவது அவர் வேலை. சின்னத் தீயைக்கூட விடாமல் அணைத்துக்கொண்டே வந்தால் சருகு முழங்கால் உயரம் சேர்ந்துவிடும், அப்புறம் ஒரு சிகரெட் துண்டு போதும், காடே போய்விடும் என்பார். யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் சொல்வார். பல் தேய்க்கும்போதுகூடச் சொல்வார்.

அவர்கள் வீட்டில்தான் என் ஜாகை. போன மாதம் என்னைக் கொல்லைப்புறம் இழுத்துப்போய்க் கிசுகிசுத்தார்.

"மாப்ள, உங்க அக்கா என்கூட சண்டையே போட்டதில்ல."

"சந்தோஷப்படுங்க மாமா."

"இத்தனை வருஷத்துல எவ்வளவு சருகு சேர்ந்திருக்கும்? ஒரு நாள் மொத்தமா பத்திக்கிட்டா பெட்டியக் கட்டிட்டுப் போயிடுவா. நானே சின்னதா ஒண்ணு மூட்டி விட்டுடறேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

ஞாயிற்றுக்கிழமை அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா ஜன்னலைத் திறந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். கதவோரம் ஒரு வாளித் தண்ணீர் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தத் திரைச்சீலை நல்லாவே இல்ல" என்றார்.

"மாத்திடலாங்க" என்றாள் அக்கா.

"உன் தம்பி ஒரு தண்டச்சோறு."

"அது உண்மைதாங்க."

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. வேறு வழி தெரியாமல் மாமா, "போன வருஷம் பெரிய தீயில நான் மாட்டிக்கிட்டப்ப நீ ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடலையாமே" என்றார்.

அக்கா கையிலிருந்த சட்டையை அவர் மூஞ்சியில் எறிந்தாள்.

"ரெண்டு நாள். நீ இருக்கியா இல்லையான்னு தெரியாம வாசப்படியிலயே கெடந்தேன். அக்கம்பக்கத்துல எல்லாரும் ஆறுதல் சொல்லவே ஆரம்பிச்சுட்டாங்க. வந்ததும் என்ன கேட்ட? 'வெந்நீர் இருக்கா'ன்னு கேட்ட. நானும் வச்சுக் குடுத்தேன்யா."

அவள் அவரை 'நீ' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மாமா வாளியைப் பார்த்தார். எங்கே தூக்கி ஊற்றிவிடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. நல்லவேளை, தரையில் உட்கார்ந்து அழுதார். அவளும் அழுதாள். எனக்கும் வந்தது, அதை விடுங்கள்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"அங்க சிக்னல் கெடைக்காதும்மா."

"மரத்துல ஏறு."

இந்த வெயில் காலம் முழுக்க, தொப்பை போட்ட மேஸ்திரி ஒருவர் தினமும் மதியம் மரம் ஏறுகிறார். ஆட்கள் கீழே நின்று முட்டுக் கொடுக்கிறார்கள். உச்சிக்குப் போய், "இருக்கேன்" என்று போனில் கத்துவார். அக்கா "சரி" என்று வைத்துவிட்டு, அப்புறம்தான் சாப்பிட உட்காருவாள்.