அப்பா நடிக்காத படம்

என் கைவண்ணத்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் வெள்ளைக்கொடி ஏறியபோது எனக்கு ஒன்பது வயது.

கொழும்பில் கடை வேலை செய்த அப்பா அன்று ரயிலில் வந்துகொண்டிருந்தார். அவரை அசத்துவதற்கு அவரையே கதாநாயகனாக்கி ஒரு சினிமா போஸ்டர் செய்ய நினைத்தேன். அம்மாவின் தம்பியான மாமா போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பந்து விளையாடப் போயிருந்தார். போன் கையில் கிடைத்தால் போதாதா? அதிலிருந்த அப்பாவின் படம் ஒன்றில் முகத்தை மட்டும் வெட்டியெடுத்தேன். கறுப்பு வெள்ளையாக்கியதும் ஆள் பெரிய தாதா மாதிரி இருந்தார். பின்னால் இருட்டு, இருபுறமும் நெருப்பு, மேலிருந்து பூமழை. கீழே அவர் பெயரும், படம் வெளியாகும் நாளாக வெறும் அன்றைய தேதியும் போட்டேன். படத்தின் பெயரை அவரே வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். குடும்பக் குழுவில் அனுப்பிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

முதல் அழைப்பு நமுனுகுலவில் இருக்கும் அத்தையிடமிருந்து வந்தது. அவர் அப்பாவின் அக்கா. எடுத்ததும் ஒரே ஓலம்.

"ஐயோ, என் தம்பி போயிட்டானா? நேத்துகூட பேசினானே!"

எங்கள் பக்கம் யார் இறந்தாலும் அஞ்சலி நோட்டீஸ் இந்த மாதிரிதான் வரும். கறுப்பு வெள்ளை முகம், இருபுறமும் விளக்கு, பூ, பெயர், தேதி. அதுவும் மாமாவின் போனிலிருந்து வந்திருக்கிறது. பெரிய மனிதர் இதில் விளையாடுவாரா? உண்மையைச் சொல்லப் பயம். போனை அணைத்து அரிசி டின்னுக்குள் புதைத்தேன். என் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள், இனி யாரும் கூப்பிட்டு விசாரிக்கக்கூட வழியில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கும் அந்தப் படம் போயிருந்தது. அரை மணி நேரத்தில் எங்கள் வாசலில் சாவு வீட்டுக்குக் கட்டும் வெள்ளைக்கொடியைக் கட்டிவிட்டார்கள். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட ஆள் ஓடியது. முதுகில் கூடையோடு அம்மா ஓடிவந்தாள். யாரோ அப்பாவின் எண்ணுக்கு அடித்துப் பார்த்தார்கள், தொடர்பு கிடைக்கவில்லை. ரயில் மலையேறும்போது எப்போதும் அப்படித்தான். அன்றைக்கு அது யாருக்கு நினைவு வரும்?

பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அம்மா மட்டும் அழவில்லை. பெரியம்மா அவசரப்பட்டு அவள் பொட்டைத் துடைக்கக் கையை நீட்டினார். அம்மா தட்டிவிட்டாள்.

"தொடாதீங்கக்கா. அவரு மொகத்தப் பாக்காம நான் எதையும் அழிக்க மாட்டேன்."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா, நாந்தாம்மா செஞ்சேன். அது சினிமா போஸ்டரு."

ஒப்பாரி நின்றது. அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அப்ப அப்பா இருக்காரா?"

"தெரியாதும்மா," என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. இத்தனை பெரியவர்கள் அழுததைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான் கீழே படிக்கட்டில் தடதடவென்று யாரோ ஓடிவரும் சத்தம். அப்பா! கையில் பை இல்லை. ரோட்டு வளைவிலிருந்தே எங்கள் வாசல் கொடி தெரியும். பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார்.

"யாரு? யாருக்கு என்னா ஆச்சு?"

பெரியம்மா பேயைக் கண்டதுபோல் அலறினார். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அம்மாவின் முகத்தைத் தடவினார். பிறகு என் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அம்மா அதன்பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.

விஷயத்தைச் சொன்னார்கள். எனக்குப் பூசை நிச்சயம் என்று நின்றேன். அப்பா போனைக் கேட்டார். அரிசி டின்னைக் கிளறி எடுத்துக் கொடுத்தேன். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கேன்," என்றார்.

போனைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது. கொழும்புச் சூட்டிலிருந்து வந்தவருக்கு எங்கள் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். உள்ளே ஓடிப்போய்க் கம்பளியை எடுத்துவந்து அவர் தோளில் போர்த்திவிட்டேன்.