வாலை உருவிய கப்பல் தலைவன்

பதிப்பகத்தில் அவருக்குக் கழுகுக்கண் என்று பெயர். முப்பத்தொரு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஓர் ஒற்று குறைந்தால்கூட அன்றைக்குத் தூக்கம் வராது. அவரிடம் அழைப்பிதழ் கொடுக்கவே நண்பர்கள் பயப்படுவார்கள். வாழ்த்துவதற்கு முன் மனிதர் பேனாவை எடுத்துவிடுவார்.

அன்றைக்கு மேசைக்கு வந்த தாள்கட்டைப் பார்த்ததும் பேனா மூடியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் அவரும் தம்பியும் கிழியக் கிழியப் படித்த சாகச நாவல். மறுபதிப்பாம்.

படிக்கப் படிக்க ஏமாற்றம்தான். கட்டிலுக்கடியில் ஒரு மத்தியானம் முழுக்க அவர்கள் போட்ட கோட்டைச் சண்டை, புத்தகத்தில் மூன்றே வரி. அந்தக் கப்பல் தலைவனும் சரியான வாய்ச்சவடால் பேர்வழி. இவனாக நடிப்பதற்கா அடித்துக்கொண்டோம் என்று தனக்குள் சிரித்துக்கொண்டார். நாற்பத்தேழாம் பக்கம் வந்தது. சிரிப்பு நின்றது.

'தலைவன் இடுப்பிலிருந்து வாலை உருவினான்.'

வாளைத்தான் உருவியிருக்க வேண்டும். பழைய பதிப்பின் அச்சுப்பிழை. தட்டச்சு செய்தவர் கண்டதைக் கண்டபடி அடித்துவிட்டார்.

வீட்டில் தம்பிக்குப் பெயரே வாலு. "வாலைச் சுருட்டிக்கிட்டு உக்காருடா" என்று அம்மா நாளைக்கு நாலு தடவையாவது கத்துவாள். ஆறு வயதில் அவன் எழுத்துக்கூட்டி இந்த வரியைப் படித்த அன்று வீடே இரண்டுபட்டது. "அண்ணா, இவனுக்கும் வால் இருக்குண்ணா! என்னை மாதிரியே!" அதற்குப்பிறகு திட்டு வாங்கினாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வாங்கினான்.

ஒருநாள் ஒரு துண்டுப் பென்சிலுக்காகச் சண்டை. அண்ணனுக்கு ஒன்பது வயது. எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்துவிட்ட வயது.

"அது வால் இல்லடா, மக்கு. வாள். அச்சுல தப்பா போட்டுட்டாங்க. உன்னைப் பத்தி எந்தப் புத்தகத்துலயும் எவனும் எழுதல."

தம்பி அழவில்லை. புத்தகத்தை மூடி அண்ணன் பக்கம் தள்ளிவிட்டான். பிறகு அதைத் தொடவே இல்லை. மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். போய்விட்டான்.

ஆக, இந்த வரியை அவர் ஏற்கெனவே ஒருமுறை திருத்தியாகிவிட்டது. இன்னொரு முறை திருத்தக் கை வரவில்லை. அப்படியே விட்டுத் தாள்கட்டை அனுப்பினார். தெரிந்தே அவர் விட்ட ஒரே பிழை அதுதான்.

மறுநாள் பதிப்பாளரம்மா தாளோடு வந்து நின்றாள். இவரைவிட இருபது வயது சின்னவள்.

"சார், வாலை உருவினானாம்! உங்க கண்ணுக்கே தப்பிடுச்சே?"

"தப்பலம்மா. பாத்தேன்."

"பாத்துட்டா விட்டீங்க?"

"அது பிழை இல்லம்மா. வால்தான். இருந்துட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐம்பது வருடத்துக்கு முன்னால், ஒரு துண்டுப் பென்சிலை விட்டுக்கொடுத்து, அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கலாம். இப்போது போய், சம்பந்தமே இல்லாத ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு அடங்கியது.

"உடம்புக்கு முடியலையா சார்? வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்."

மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து நின்றபடியே திருத்தினாள். ஓர் எழுத்து, ஒரு நொடி வேலை. இவர் பார்த்துக்கொண்டே நின்றார். திருத்தம் சரியாகத்தான் இருந்தது.