அக்காவின் முப்பத்தொரு சுரங்கங்கள்

அலுவலகம் அலுவலகமாகப் போய் பிரிண்டர் பழுதுபார்ப்பது அவர் தொழில். இருபத்தைந்து வருடமாகச் செய்வதால் எல்லோருக்கும் அவர் பிரிண்டர்காரர். தாள் சிக்கிக்கொண்டால் மற்றவர்கள் பிடித்து இழுப்பார்கள். அவர் பக்கத்து மூடியைத் திறந்து, உருளையைப் பின்பக்கமாகச் சுற்றி, கிழியாமல் எடுத்துத் தருவார். "ரிப்பேர் ஒண்ணும் இல்ல மேடம், ஒயரு கழண்டிருக்கு" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு கிளம்பிவிடுவார். பொய் பேசாத மனுஷன் என்று பேர். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவருக்குச் சுருக்கென்றிருக்கும்.

அவருடைய அக்கா ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடுகிறவர். மூன்று மாதம் முன்பு படியில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் மரக்கட்டையாகவே இருந்தன. பயிற்சி கொடுக்கிற பெண் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அக்காவுக்கு அது ரெண்டே நாளில் சலித்துவிட்டது.

"டேய், நம்ம வீட்ல சுரங்கம் தோண்டுற கேம் ஒண்ணு இருந்துச்சே. அதைக் கொண்டு வர முடியுமா? நாலு அம்புக்குறி பட்டன்தானே, விரலுக்கு நல்ல வேலை" என்றார் போனில்.

"பாக்கறேன்க்கா" என்றார் தம்பி.

பரணிலிருந்த அட்டைப் பெட்டியில் பழைய ஃப்ளாப்பிகள் இருந்தன. பாதியில் பூஞ்சை. வெளியே மாட்டுகிற ஃப்ளாப்பி டிரைவை ஒரு நண்பரிடம் வாங்கிவந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். டிரைவ் கரகரவென்று அரைத்து, படிக்க முடியவில்லை என்று துப்பியது. ஏழாவது ஃப்ளாப்பியில் விளையாட்டு முழுசாகக் கிடைத்தது.

மறுநாள் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். அக்காவின் லேப்டாப் அந்த விளையாட்டைச் சீண்டக்கூட மறுத்தது. அதற்கென்று பழைய டாஸ் கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற ஓர் இலவச மென்பொருள் உண்டு. அதை ஏற்றி, கோப்புகள் இருந்த ஃபோல்டரை அதற்கு சி டிரைவ் என்று நம்பவைத்தார். கறுப்புத் திரையில் விளையாட்டின் பெயரைத் தட்டியதும் சுரங்கக்காரன் வந்தான். வந்த வேகத்தில் பாறை விழுந்து செத்தான். மூன்று உயிரும் கண் இமைப்பதற்குள் போயிற்று.

"என்னடா இவன், வெந்நீரைக் கால்ல ஊத்திக்கிட்ட மாதிரி ஓடறான்."

"அந்தக் கால மெஷின் மெதுவா ஓடும்னு நம்பி எழுதினது. வேகத்தைக் குறைக்கணும்." கன்ட்ரோல் விசையோடு இன்னொன்றைச் சேர்த்து அழுத்தி அழுத்திக் குறைத்தார். சுரங்கக்காரன் நிதானத்துக்கு வந்தான். ஒலி அட்டையின் எண்ணை மாற்றியதும் கீச்சென்ற அந்தப் பாட்டும் வந்துவிட்டது. அக்கா குழந்தை மாதிரி சிரித்தார். விறைத்த விரல்களை வைத்து மூன்றாவது திரைவரை போனார்.

அப்புறம் சொன்னார்: "இதுல நாமளே சுரங்கம் வரைஞ்சு வைக்கலாமே, நான் வரைஞ்ச திரைங்க இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும். முப்பத்தொண்ணு. அப்பா மட்டும் அந்த ஃப்ளாப்பியைக் கொண்டுபோய் ஸ்பீக்கர் மேல வைக்காம இருந்திருந்தா."

முப்பத்தைந்து வருடமாக அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் தம்பி வேறெங்காவது பார்ப்பார். இன்று பார்க்க முடியவில்லை.

"அப்பா வைக்கலக்கா. நான் வச்சேன்."

அவருக்கு அப்போது பதின்மூன்று வயது. கூடப் படித்தவன் கார் பந்தய விளையாட்டு ஒன்றை ஒரே ஒரு மத்தியானத்துக்குக் கொடுத்திருந்தான். வெற்று ஃப்ளாப்பி இல்லை. 'தொடாதே' என்று அக்கா எழுதி ஒட்டியிருந்ததை எடுத்து அழித்தார். அக்காவிடம் இன்னொரு நகல் இருக்கும் என்று எண்ணம். விளையாட்டோ அதில் கொள்ளவில்லை. நகலும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. காந்தம் பட்டால் கெட்டுப்போகும் என்று கேட்டிருந்ததால், அதைக் காந்தம் உள்ள கூடத்து ஸ்பீக்கர் மேல் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டார். அப்பா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைக்கிற இடம் அது. அதைப் பையன் யோசிக்கவில்லை.

அக்கா அழுதுகொண்டே கேட்டபோது அப்பா கொஞ்ச நேரம் முழித்தார். பிறகு, "நானாத்தான் இருக்கும்மா. தப்புதான்" என்றார். கதவோரம் நின்ற மகன் வாயைத் திறக்கவில்லை. அக்கா ரெண்டு மாதம் அப்பாவோடு பேசவில்லை. அப்பா போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது.

கேட்டு முடித்த அக்கா லேப்டாப்பை மூடினார். திட்டுவார் என்று தம்பி எதிர்பார்த்தார், திட்டவில்லை.

"அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு. இப்பவே போ."

அம்மா அவரோடு, அவர் வீட்டில்தான் இருந்தார். துணி மடித்துக்கொண்டே முழுவதும் கேட்டார்.

"அப்ப அவர் வைக்கலையா?" என்றார்.

"இல்லம்மா."

அம்மா மடித்த சட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டார். "அன்னிக்கு ராத்திரி எங்கிட்ட சொன்னார்டா, 'வச்ச ஞாபகமே இல்ல, ஆனா அங்கதானே இருக்கு, எனக்கு ஏதோ ஆயிடுச்சு'ன்னு. அதுக்கப்புறம்தான் எல்லாத்தையும் எழுதி வைக்க ஆரம்பிச்சார். அடுப்பை அணைச்சாச்சு, கதவைப் பூட்டியாச்சுன்னு சட்டைப் பையில சீட்டு. நாம கேலி பண்ணுவோமே."

அந்தச் சீட்டுகளை மற்ற எல்லோரையும்விட அதிகமாகக் கேலி செய்தது இவர்தான்.

"சின்ன வயசுல செஞ்சது, விடு" என்றார் அம்மா. சொன்னாரே ஒழிய, அதற்குப் பிறகு மகன் முகத்தைப் பார்க்காமல் மிச்சத் துணியையும் மடித்து முடித்தார். பதின்மூன்று வயதில் செய்தது சரி. இருபதிலும் முப்பதிலும், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தப் பதினோரு நாளிலும் சொல்லாமல் விட்டது எந்த வயதில் சேர்த்தி என்று அவரால் கேட்க முடியவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டபோது அப்பா தூங்கவில்லை. பேச நேரம் நிறைய இருந்தது.

அடுத்த நாள் வேலைக்குப் போன இடத்தில் ஒரு பிரிண்டரை முழுக்கக் கழற்றிவிட்டு, எந்தத் திருகு எங்கே என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

ஒரு வாரம் கழித்து அக்கா கூப்பிட்டார். "இது மறுபடியும் தலைதெறிக்க ஓடுது. வந்து பாரு. கோவம் போயிடுச்சுன்னு நெனச்சுக்காதே, கோவத்தோடதான் கூப்பிடறேன்."

போனார். வேகத்தைக் குறைத்து, இனி மாறாதபடி அமைப்புக் கோப்பிலேயே எழுதி வைத்தார். அக்கா புதிதாக ரெண்டு திரை வரைந்து வைத்திருந்தார். பழையது ஒன்றுகூட நினைவில் இல்லையாம். அவற்றை மூன்று இடத்தில் நகல் எடுத்துக் கொடுத்தபோது அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவாக, "உன்னை நாலு வார்த்தை திட்டினா எனக்குச் சரியாயிடும்னு நெனச்சேன். ஆனா ரெண்டு மாசம் பேசாம இருந்தது நான்தானேடா. அப்பா தினம் சாப்பிட வான்னு கதவைத் தட்டுவார்" என்றார்.

ரெண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வலது கையை விசைகள் மேல் வைத்து, நடுவிரலை மடக்க முடிகிறதா என்று பார்த்தார். பாதி மடங்கியது.