அப்பா பறித்து வைத்த மோரா

கேம்பசில் காளைச் சுறாவைப் பற்றி ஆராய்ச்சி செய்த வருடம், அதைச் சொல்ல எனக்கு ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை. ஹொஸ்டல் அறையில் மற்ற மூவரும் யாழ்ப்பாணம். நான் வாயைத் திறந்தாலே "என்னாங்க, சொல்லுங்க" என்று என் தோட்டத்துத் தமிழை எனக்கே பேசிக் காட்டிச் சிரிப்பான்கள். அங்கே சுறா எடுபடுமா? ஊரில் கூட விளையாடியவன்கள் எல்லாம் கொழும்புக் கடைகளில். அம்மா குவைத்தில், வீட்டு வேலை. மிச்சம், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் அப்பா மட்டும்.

கடைக்கார நானாவின் போனுக்கு அவரை வரவழைத்துச் சொன்னேன். எங்கள் பக்கம் சுறாவைக் கருவாடாகத்தான் கண்டிருக்கிறோம். கேட்டு வாங்குவதும் சிங்களத்தில், மோரா என்று. அதனால் அந்தப் பேரையே சொல்லிக் கத்தினேன்.

"மோராவப் பத்திப் படிக்கிறேம்ப்பா."

"நல்லது தம்பி, நல்லது." லைன் கரகரவென்று கட்டாகிவிட்டது.

லீவுக்குப் போனபோது இரண்டு பைகளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். இரண்டிலும் மோரப் பழம். காட்டோரம் கொத்தாகக் காய்க்கும், சொரசொரத் தோல், உள்ளே கண்ணாடி மாதிரிச் சதை. மீன் மோரா, பழம் மோர. கடைசி எழுத்தின் நீட்டலைப் போன் விழுங்கியிருந்தது.

"இது ஆத்தோர மரம். இது ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால உள்ளது. கலந்துறாத, ருசி வேற வேற. ஒன் படிப்புக்கு ஆகும்."

சிரிக்கப் போனேன். அவர் முழங்கை முழுக்க மரம் ஏறிய கீறல். சிரிப்பு வரவில்லை.

"அப்பா, பழமில்ல. மோரா கருவாடு இருக்குல்ல, அந்த மீனு."

"கருவாட்டுக்கா கேம்பசு?"

"உசுரோட உள்ளதுப்பா."

அவர் ஒரு பழத்தை உரிக்கத் தொடங்கினார். நான் கொட்டித் தீர்த்தேன். குட்டை மூக்கு, தடித்த உடம்பு, எடுத்ததும் கோபம். முதலில் மூக்கால் முட்டிப் பார்க்கும், பிறகுதான் கடிக்கும். மற்றச் சுறாக்கள் பெரும்பாலும் ஆற்று நீரில் நெடுநாள் தாங்காது. இது கடலை விட்டு ஆற்றுக்குள் ஏறும். உடம்பிலுள்ள உப்பை வெளியே விடாமல் சிறுநீரகம் பிடித்து வைக்கும், புகுந்த தண்ணீரை மட்டும் சிறுநீராகக் கழித்துக்கொண்டே இருக்கும்.

"நம்ம ஆத்துக்கும் வருமா?"

"இவ்வளவு மேல வராது. பாறை."

"கூட்டமா வருமா?"

"பெரும்பாலும் தனியாத்தான். ஆத்து வாயில குட்டி போட்டுட்டு தாய் போயிரும். குட்டி ஆத்துக்குள்ள தனியாக் கெடந்து வளரும். கடல்ல இருந்தா பெரிய சுறா தின்னுரும்."

உரித்த பழம் அவர் விரல்களிலேயே இருந்தது. "பால் குடுக்காதா? அப்ப குட்டிக்குச் சாப்பாடு?"

"பொறக்கும்போதே பல்லு இருக்கும். தானா புடிச்சுத் திங்கும்."

"பல்லு இருந்தாச் சரி." பழத்தை என் பக்கம் நீட்டினார். "நீ தின்னு."

மறுநாள் காலை கங்காணி பாதையிலிருந்தே கூப்பிட்டார். "என்னாப்பா, பழ டாக்டர் வந்துட்டாராமே?"

"ஆமாங்க, வந்துட்டாரு," என்றார் அப்பா. பால் வாளியை எடுத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "சுறான்னா ஒருத்தனும் நம்பமாட்டான். வெளிய பழமாவே இருக்கட்டும்."

கேம்பஸ் திரும்பினேன். அறையில் அதே மூவர், அதே சிரிப்பு. நான் கொண்டுபோன பழத்தைப் பங்கு போட்டார்கள், என்ன பழம் என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானாவின் போனுக்கு அடித்தேன். அப்பாவுக்குப் பின்னால் கடைச் சத்தம். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, அது இப்ப எங்க வரைக்கும் வந்திருக்கு?"

"இன்னும் கீழதாம்ப்பா."

"தனியாவா?"

"ஆமாப்பா."

"உப்பு இருக்குல்ல?"

"இருக்குப்பா," என்றேன்.