சட்டக் கல்லூரி வாசலில் ஒரு மேசை

வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்குச் சம்பளம் வாங்கும் தொழில் என்னுடையது. சிரிப்பு வராத நாட்களிலும் சம்பளம் வரும் என்பதுதான் அதிலுள்ள ஒரே வசதி.

மொன்றியலில் ஒரு சட்டக் கல்லூரியின் அனுமதிப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு சனிக்கிழமை, இடம் கிடைத்தும் வருவதா விடுவதா என்று முடிவு செய்யாத கறுப்பின மாணவர்களைக் கூப்பிட்டு, வகுப்பறை காட்டி, கறுப்பின வழக்கறிஞர்களோடு கதைக்க வைத்து, சாப்பாடு கொடுத்து அனுப்புவோம். ஒழுங்கு செய்வது கல்லூரியின் கறுப்பின மாணவர் சங்கம். மேசை, பெயர் அட்டை, அறைச் சாவி, சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு. அதாவது பிழை வரக்கூடிய அத்தனையும் என் பொறுப்பு. எங்கேயாவது வரவேற்பு மேசையில் நின்று கன்னம் நொந்தவர்களுக்கு இது விளங்கும். இங்கே வந்தவர்கள் பிரெஞ்சிலும் இங்கிலீசிலும் சொன்னதை என் தமிழிலேயே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்க லிப்ட்

முதல் வருடம் பேச வந்தவர் ஒரு நீதிபதி. ஹெயிட்டியில் பிறந்து, இதே கல்லூரியில் படித்தவர். பிள்ளைகளுக்கென்று தன் கையாலேயே நாலு பெட்டி டோனட் வாங்கி வந்தார். அதுதான் வினையாகிவிட்டது. கறுப்புப் பெண், கையில் பெட்டிகள். வாசலில் நின்ற புதுக் காவலாளி வேறொன்றும் கேட்காமல், "சாமான் கொண்டுவாற ஆக்கள் பின்பக்கத்தால" என்று கையைக் காட்டிவிட்டான். நீதிபதி வாதாடவில்லை. போனார்.

நான் முன்வாசலில் பூங்கொத்தோடு இருபது நிமிடம் நின்றேன். அவரோ சமையலறை லிப்டில் ஒரு வெங்காய மூட்டையோடு ஏறி, மண்டபத்தின் பின்கதவால் வந்து மேடையில் இருந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் ஓடிப்போய், எனக்குத் தெரிந்த மன்னிப்பையெல்லாம் இரண்டு மொழியிலும் கேட்டேன். காவலாளியும் என் பின்னால் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். நீதிபதி பெட்டியைத் திறந்து அவனுக்கு ஒரு டோனட் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் இஞ்ச படிக்க வந்த முதல் நாளும் என்னை இந்த லிப்டிலதான் ஏத்தினவை. இப்ப கொஞ்சம் வேகமாப் போகுது."

மூன்றாம் அறை, எட்டாம் அறை

என் கையெழுத்தில் மூன்றும் எட்டும் இரட்டைப் பிள்ளைகள். அப்படியிருந்தும் துணை முதல்வருக்கு அறை எண்ணை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். தங்கமான மனிதர். ஆனால் பேசத் தொடங்கினால் கண்ணை மூடிக்கொண்டு உருகுவார், எதிரில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க மாட்டார். எங்கள் பிள்ளைகள் மூன்றாம் அறையில் காத்திருக்க, அவர் எட்டாம் அறைக்குப் போய்விட்டார். அங்கே வீட்டு உறுதி எழுதும் நோட்டரிமாருக்கு ஒரு வார இறுதி வகுப்பு. நாற்பது பேர், எல்லோரும் வெள்ளையர், பாதிப்பேர் பென்சனை எட்டிப் பார்க்கும் வயது.

"இந்தக் கதவுகள் உங்கள் முன்னோருக்கு மூடியிருந்தன. இந்தத் தொழிலுக்கு உங்கள் முகங்கள் தேவை" என்று கால் மணித்தியாலம் பேசியிருக்கிறார். நான் மூச்சு வாங்க ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். துணை முதல்வர் கண்ணைத் திறந்தார், பார்த்தார், திரும்ப மூடிக்கொண்டார். அவரைக் கையில் பிடித்து வெளியே கூட்டி வரும்போது, முன்வரிசையில் இருந்த நரைத்த மனிதர் ஒருவர் கண்ணைத் துடைத்தபடி என்னிடம் சொன்னார்: "முப்பது வருசமா நோட்டரியா இருக்கிறன் மடாம், ஒருத்தரும் என்னை இப்பிடி வரவேற்றதில்லை."

நூற்றைம்பது பற்றீஸ்

ஒரு வருடம் மாணவர் சங்கத் தலைவியாக இருந்தவள் ஷெல்லி. தாய் தகப்பன் ஜமேக்காக்காரர். "மத்தியானத்துக்கு நூற்றைம்பது பற்றீஸ்" என்று மின்னஞ்சல் போட்டாள். பற்றீஸ் தெரியாத யாழ்ப்பாணத்தாள் உண்டா? மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சிவம் அண்ணைக்கு உடனே போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை அண்ணையே தட்டுகளோடு வந்தார். ஷெல்லி மூடியைத் திறந்து ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். அவள் கேட்டது ஜமேக்காப் பற்றீஸ்: உள்ளங்கை அகலம், மஞ்சள் நிறம், உள்ளே காரமான மாட்டிறைச்சி, பாண் சுடும் போறணை அடுப்பில் வேக வைத்தது. வந்திருந்தது மூன்று விரல் அளவில், எண்ணெயில் பொரித்த அரைவட்டம், உள்ளே மீனும் உருளைக்கிழங்கும். "இது பற்றீஸ் இல்லை" என்றாள் ஷெல்லி. "பற்றீஸ்தான்" என்றேன் நான். சுற்றி நின்றவர்கள் சட்டம் படிக்க வந்த பிள்ளைகள் அல்லவா, உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். பெயரா முக்கியம், பொருளா முக்கியம், கேட்டவளின் எண்ணமா, கொடுத்தவளின் எண்ணமா என்று ஒரே சத்தம். ஒப்பந்தச் சட்டப் பேராசிரியர் ஒருவரை நீதிபதியாகப் பிடித்து இருத்தினார்கள். அவர் இரண்டு பக்கத்தையும் கேட்டு, ஏழு பற்றீஸ் சாப்பிட்டு, தீர்ப்பை ஒத்திவைத்தார். அதற்குள் தட்டுகள் காலி. வெறும் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சிவம் அண்ணை என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, மாவை மடிச்சு உள்ளுக்க கறி வைச்சா அது பற்றீஸ். உலகத்தில வேற பற்றீஸ் இருக்கெண்டு எனக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லை."

கொப்பியோடு வந்த தகப்பன்

நகரின் மேற்கு ஓரத்துப் பியர்ஃபொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி மகளோடு ஒருவர் வந்தார். கமரூனில் கணக்கு வாத்தியார், இங்கே ஒரு களஞ்சியசாலையில் வேலை. கையில் கேள்விகள் எழுதிய ஒரு கொப்பி. கேள்வி நேரத்தில் எழுந்தவர் திரும்பக் கதிரையில் இருக்கவேயில்லை. எத்தனை கதவு, நூலகம் எத்தனை மணிக்குப் பூட்டும், வகுப்பில் தனியொரு கறுப்புப் பிள்ளையாக என் மகள் இருந்தால் யாரோடு கதைப்பாள்? கடைசிக் கேள்விக்குப் பதில் பின்வரிசையிலிருந்து வந்தது. மேல்வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "என்னோட" என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

பேந்து மேடையில் இருந்த ஒரு பேராசிரியர் பக்கம் திரும்பி, "நீங்கள் எத்தனை வழக்கு வெண்டிருக்கிறியள்?" என்று கேட்டார். பேராசிரியர் நெளிந்தார். தான் ஆராய்ச்சிதான் செய்வதாகவும், நீதிமன்றம் போனதில்லை என்றும் சொன்னார். மகள் கதிரைக்குக் கீழே போய்விடுவாள் போலிருந்தது. தகப்பன் கொப்பியை மூடி, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "பரவாயில்லை ஐயா, பிள்ளை உங்களிட்டைப் படிக்கட்டும். வழக்கெண்டு வந்தால் என்னைக் கூப்பிடுங்கோ."

ஒரு அட்டை, இரண்டு பேர்

எங்கள் கணினி மிகவும் சுத்தக்காரி. ஒரே பெயர் இரண்டு தரம் வந்தால் ஒன்றை அழித்துவிடும். போன வருடம் ஃபாத்து பாரி என்ற பெயரில் ஒரு அட்டைதான் அச்சாகி வந்தது. அதற்கு இரண்டு கை நீண்டது. ஒருத்தி பக்கத்து நகரமான லவாலிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை. மற்றவர் நாற்பதைத் தாண்டிய பெண், ஆஸ்பத்திரியில் வயதானவர்களைக் குளிப்பாட்டிப் பராமரிக்கும் வேலை. இருவரும் கினியாவிலிருந்து வந்த குடும்பம், ஆனால் சொந்தமில்லை.

மூத்த ஃபாத்து உடனே கையை எடுத்துவிட்டார். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த எங்கள் அனுமதிக் கடிதத்தை என் மேசையில் வைத்தார். "எனக்கு அப்பவே சந்தேகம். இது இந்தப் பிள்ளைக்கு வந்த கடிதம். பிழையா எனக்கு வந்திட்டுது. நான் போறன்" என்றார். குரலில் கோபமில்லை. எதிர்பார்த்த பஸ் வராததுபோல ஒரு முகம். பக்கத்தில் நின்ற இளைய ஃபாத்து பயந்துபோய், "அப்ப என்ர கடிதம்தான் பிழையோ?" என்று கேட்டாள். எனக்கே தெரியாது. "இரண்டு பேரும் அசையக்கூடாது" என்று சொல்லிவிட்டு நாலு மாடி ஏறி ஓடினேன். லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை.

இரண்டு கோப்பு இருந்தது. இரண்டு பிறந்த திகதி, இரண்டு விண்ணப்பம், இரண்டு பேருக்கும் இடம். இறங்கி வந்து பார்த்தால், இளையவள் அந்த ஒரே அட்டையை மூத்தவரின் கழுத்தில் மாட்டிவிட்டு, அவர் கையைப் பிடித்தபடி நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். மூத்தவர் நம்பவில்லை. "அப்ப பிழையில்லை எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. வீட்டில ஒருத்தரும் நம்பேல்லை. நானும்தான்" என்றார். எனக்கு அந்த அதிகாரமில்லை. ஆனாலும் கல்லூரிக் கடதாசி எடுத்து, "இவர்தான், பிழையில்லை" என்று எழுதி, பெரிதாக ஒரு முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அவர் அதை உறைக்குள் வைத்துவிட்டு என் மேசையிலேயே கொஞ்ச நேரம் அழுதார். நானும் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

செப்டெம்பரில் இருவரும் வந்து சேர்ந்தார்கள், பக்கத்துப் பக்கத்துக் கதிரையில். பேராசிரியர் "ஃபாத்து பாரி" என்று கூப்பிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். இளையவள் யோசிக்காமல் சொன்னாள்: "பதில் தெரிஞ்சால் நான், தெரியாட்டில் அவ."

மற்றும்படி, 'வாருங்கள்' என்று கடிதம் அடிக்க எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு நிமிடம் போதும், வந்தவர்களை உள்ளே விடத்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறோம்.