இரண்டு பிரேக் வண்டி

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பிரேக் அக்கா'. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் வாயில் விழுந்து எழுந்து மீண்டவர்கள் குறைவு.

ஓட்டப் பழக்கும் வண்டியில் பிரேக் இரண்டு. ஒன்று பழகுபவர் காலடியில், மற்றது சொல்லிக்கொடுப்பவர் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கை அவள் அநேகமாகத் தொடவே மாட்டாள். வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே, "ஸ்டியரிங்கை ஏம்மா கழுத்தைப் பிடிக்கற மாதிரி பிடிக்கற? அது உன் மாமியார் இல்ல" என்று சொல்லியே நடுங்குகிற கைகளை நேராக்கிவிடுவாள். விண்ணப்பம் நிரப்பும் மேஜையில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். மேஜையிலிருந்து வண்டியின் இடது சீட்டுக்கு வருவதற்குள் முதலாளியோடு மல்லுக்கு நின்று நாக்குத் தள்ளிவிட்டது. அந்த சீட்டுதான் அவளுக்கு எல்லாம்.

போன வருஷம் ஒரு நாள், சிக்னல் இல்லாத நாற்சந்தியில் பக்கவாட்டில் வந்த ஒரு லாரி வண்டியின் பின்பாதியை இடித்தது. ஓட்டிக்கொண்டிருந்தவள் மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அக்காவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அதற்குப் பிறகு அவள் வலது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அடுத்த தெருவில் நாய் குரைத்தால் மிதித்தது. காற்றில் காகிதம் பறந்தால் மிதித்தது. அவளிடம் பழகியவர்கள் மூன்றாவது கியரின் முகத்தையே பார்க்காமல் டெஸ்டுக்குப் போய்த் தோற்று வந்தார்கள். வீட்டில் ஜெராக்ஸ் கடைக்காரக் கணவர் கொஞ்சம் வேகமாக டீ ஊற்றினால் மேஜைக்கு அடியில் பிரேக் விழுந்தது. தூக்கத்தில் அவர் முழங்காலில் விழுந்த மிதிகளுக்குக் கணக்கே இல்லை. மனுஷன் குறுக்கே தலையணை வைத்துப் படுத்தார், பாவம்.

"லீவு ஆரம்பிச்சா கூட்டம் வந்துடும்" என்றார் முதலாளி. "அதுக்குள்ள ஏதாவது வைத்தியம் பாத்து சரி பண்ணிக்கங்க. இல்லேன்னா மறுபடியும் மேஜைதான். உங்க சீட்டுல என் மச்சானை உக்கார வெச்சுடுவேன்."

மச்சான் பேரைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட டாக்டர், பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் இப்படி ஆவது சகஜம்தான் என்றார். இதற்குச் சிகிச்சை பல விதம் இருக்கிறது, மூன்று இடம் சொல்கிறேன், எது ஒத்துவருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"ஓட்டிப் பாத்துட்டு எடுக்கலாமா டாக்டர்?"

"தாராளமா."

முதல் இடத்தில் ஒரு பெரியவர். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி அதன் விஷத்தை இறக்குவது அவர் வழி. கண்ணை மூடிக்கொண்டு அந்த நாற்சந்தியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். அவள் கண்ணைத் திறந்துகொண்டாள்.

"முதல் கிளாஸ்லயே யாராவது மலைப்பாதையில ஏத்துவாங்களா சார்?" என்று தொடங்கி, புது ஆளை எப்படி மைதானத்தில் வைத்துப் பழக்க வேண்டும் என்று நேரம் முடியும்வரை அவருக்கே பாடம் நடத்தினாள். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "பேச்சு உங்களுக்கு அருமையா வருதும்மா. விஷயத்துக்குத்தான் வர மாட்டேங்குது" என்றார். வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே வீடு வந்தாள். சரியாகச் சொல்லிவிட்டார் என்பதால் கூடுதலாகவே திட்டினாள்.

இரண்டாவது இடத்தில் குழு. அவளைப் போலவே அடிபட்ட மனசுக்காரர்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அவளுக்குக் கை சும்மா இருக்குமா? "நீங்க நில்லுங்க, அவர் போகட்டும். அம்மா, இப்ப நீங்க வாங்க" என்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டாள். எல்லாரும் மனசாரப் பேசி முடித்தார்கள். அவள் முறை வந்தபோது நேரம் தீர்ந்திருந்தது.

"வேணும்னேதானே பண்ணின?" என்றார் வீட்டில் கதையைக் கேட்ட கணவர்.

"ஆமா" என்றாள்.

மூன்றாவது இடம் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. கவுன்சலர் ஒரு இளம்பெண். அவள் கையை இடமும் வலமுமாக அசைப்பாளாம். விரலைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே அந்த நாளை நினைக்க வேண்டுமாம். நம் ஆளுக்குச் சிரிப்பு வந்தது.

"வேணாம்னு தோணினா உடனே நிறுத்தச் சொல்லலாம்" என்றாள் கவுன்சலர்.

"எப்படிச் சொல்றது?"

கவுன்சலர் குனிந்து தரையைப் பார்த்தாள். அக்காவின் வலது கால் விரிப்பை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

"ஏற்கனவே சொல்லிட்டுதானே இருக்கீங்க. அதை மிதிங்க, நான் நிறுத்திடறேன்."

அக்காவுக்குள் குறும்பு விழித்துக்கொண்டது. விரல் எழுந்தால் போதும், ஒரு மிதி. விரல் நின்றது. மறுபடி எழுந்தது, மறுபடி மிதி. காரணமில்லாமல் மிதித்தாள், கொட்டாவி விட்டுக்கொண்டே மிதித்தாள். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை, பெருமூச்சு விடவில்லை. மிதித்தபோதெல்லாம் விரல் நின்றது. அன்றைக்கு அந்தச் சிகிச்சை ஒரு முழம்கூட நகரவில்லை.

"இதையே எடுத்துக்கறேன்" என்றாள் வீட்டுக்கு வந்து.

"நல்லா இருந்துச்சா?"

"ஒண்ணுமே நடக்கல. ஆனா பிரேக் பிடிக்குது."

அடுத்த வாரங்களில் மிதி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தன் கையில் நிறுத்தம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஓரிரண்டு அடி கூடப் போய்ப் பார்க்கிற துணிச்சல் வந்தது. லீவுக்கு முந்தைய வாரம், விரல் அசைந்துகொண்டிருக்கும்போதே நாற்சந்தி முழுசாக வந்து நின்றது.

"அந்த மருந்துக்கடைப் பொண்ணு பாதி ரோட்டைத் தாண்டிட்டா" என்றாள். "லாரி பக்கவாட்டுல வருது. அப்படியே போக விட்டிருந்தா தப்பிச்சிருப்போம். நான் மிதிச்சுட்டேன். நடு ரோட்டுல வண்டி நின்னுடுச்சு. லாரிக்காரன் இல்ல, நான்தான் அவ எலும்பை உடைச்சேன்."

யாரிடமும் சொல்லாதது அது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. வாய் விட்டு அழுதாள். 'உங்க தப்பு இல்ல' என்று கவுன்சலர் சமாதானம் சொல்லவில்லை. அழுது ஓயும்வரை காத்திருந்தாள்.

"அவங்களைப் போய்ப் பாத்தீங்களா?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பாக்கறது?"

"இருக்கற மூஞ்சியை வெச்சுக்கிட்டுதான்."

மறுநாள் போனாள். மருந்துக்கடை வாசலில் இவள் தலை தெரிந்ததும் அந்தப் பெண் கவுண்டருக்கு அடியில் குனிந்து ஒளிந்துகொண்டாள். இருமல் மருந்துக்கு நின்றிருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "உள்ளதான் இருக்காங்க" என்று காட்டிக்கொடுத்தார்.

அவள் எழுந்தாள். கண் கலங்கியிருந்தது. "அக்கா, மன்னிச்சிடுங்கக்கா. உங்க முன்னாடி வரவே வெக்கமா இருந்துச்சு. அன்னைக்கு நான்தான் பயத்துல பிரேக்கை மிதிச்சுட்டேன். என்னாலதான் உங்க வண்டி நொறுங்கிச்சு."

அக்காவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது.

"நீ எங்கடி மிதிச்ச? மிதிச்சது நான்!"

"என் கால் எனக்குத் தெரியாதாக்கா? பெடல் அடி வரைக்கும் போச்சு."

"நான் மிதிச்சா உன் பெடலும் சேந்து இறங்கும். ரெண்டும் ஒரே கம்பியில கட்டினது."

"அப்ப நான் மிதிச்சாலும் உங்களுது இறங்குமா?"

இறங்கும். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இத்தனை நாளும் இது தோன்றவே இல்லை. யார் கால் முந்தியது என்று இனி அந்தக் கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது.

"இருந்தாலும் நான்தான்" என்றாள், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

"இல்லக்கா, நான்தான்."

"கிளட்ச் எது, பிரேக் எதுன்னே தெரியாத காலு உன்னுது. அது எங்க மிதிக்கும்?"

அந்தப் பெண் முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள். அக்காவும் அதையே வரிசை மாற்றிச் செய்தாள். இருமல்காரர் யாருக்கு ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் விழித்தார். தனியாகச் சுமந்துகொண்டு திரிந்த மூட்டையில் பாதியை இன்னொருத்தியும் சுமந்திருக்கிறாள் என்று தெரிந்ததில் அக்காவுக்கு நெஞ்சு லேசாகிப்போனது. அதே சமயம் அந்தச் சின்னப் பெண்ணை நினைத்து வலிக்கவும் செய்தது.

"லைசென்ஸ் எடுத்துட்டியா?"

"வண்டிப் பக்கமே போகலக்கா."

"நாளைக்குக் காலைல வாசல்ல ரெடியா நில்லு, வண்டியோட வரேன்" என்றாள். "நடுவுல மிதிக்க மாட்டேன்னெல்லாம் சத்தியம் பண்ண மாட்டேன்."

அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும்தான்க்கா."