பிரெஞ்சு ஒயினும் மதினியின் ஆட்டுக்கறியும்

வாயில் அல்வாவோடு ஒரு பிரெஞ்சுக்காரர் திருதிருவென்று விழித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கையில் அவருடைய ஊர்ச் சிவப்பு ஒயின். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. என் அண்ணன் மனைவி எப்பேர்ப்பட்டவள் என்பதை எங்கள் வீடு அன்றுதான் தெரிந்துகொண்டது.

சாத்தான்குளத்துப் பக்கம் பனந்தும்பு, அதாவது பனைமட்டை நார், வாங்கி, தூரிகை செய்யக் கப்பலேற்றும் வியாபாரிகளுக்கு விற்பது அண்ணனின் தொழில். குடியிருப்பு பாளையங்கோட்டையில். அந்த வருஷம் தூத்துக்குடியில் வழக்கமாக வாங்குகிறவர்கள் கையை விரித்துவிட்டார்கள். சரக்கு வைக்கும் கிட்டங்கி நிறையத் தும்பு முடங்கிக் கிடந்தது. புதுச்சேரியிலிருந்து சரக்குப் பார்க்க வந்த இந்தப் பிரெஞ்சுக்காரரும் வேண்டாம் என்றால் தொழிலை இழுத்து மூட வேண்டியதுதான். அவருக்கும் எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதால், விருந்தில் பேச்சை மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தான் அண்ணன்.

விருந்துக்குத் தம் ஒயினைத் தாமே கொண்டுவருவதாக அவர் சொல்லியனுப்பியிருந்தார். நாங்களோ மது தொடுவதில்லை என்று வேதக்கோயிலில் உறுதி எடுத்த குடும்பம். ஒயின் என்று நாங்கள் அறிந்ததெல்லாம் திருவிருந்தில் பாதிரியார் கொடுத்து நாக்கில் படும் ஒரு மிடறுதான். அது நல்ல தித்திப்பு.

“ஏலே, ஒயின்னா இனிப்புதாம்லே. அதுக்கு அல்வாவை விட்டா வேற என்ன பொருத்தம்?” என்றான் அண்ணன். மதினி அடுப்பில் வேறு பல வைத்திருந்தாலும், முதலில் தட்டுக்கு வந்தது அல்வாதான்.

வெள்ளைக்காரர் முன்னால் வரக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்ததால் மதினி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை உள்ளே அழைத்தாள்.

“தம்பி, அவரு மூஞ்சியப் பாத்தியா? பச்சை வாழைக்காயைக் கடிச்ச மாதிரில்லா இருக்கு. அந்த ஒயின் இனிக்கல, துவர்க்குது. துவர்ப்புக்குக் கொழுப்புல்லா வேணும்? கறி தின்னுட்டு நாம பாக்கு மெல்லுதோமே, அந்த மாதிரிதான் அவருக்கு அது.”

சொன்ன கையோடு தட்டை எடுத்துக்கொண்டு தானே வெளியே வந்துவிட்டாள். அண்ணன் முறைத்ததை அவள் கண்டுகொள்ளவே இல்லை. கொழுப்போடு குழைய வெந்த ஆட்டுத் தொடைக்கறி. மிளகும் சின்ன வெங்காயமும் தூக்கலாக, மிளகாய் பேருக்கு. பக்கத்தில் நெய்யில் சுருட்டிய ஈரல். புளி ஊற்றி வைத்த ஆற்றுமீன் குழம்பு எங்களுக்கெல்லாம் உயிர். புளிப்பு அந்தத் துவர்ப்புக்கு ஆகாது என்று அதை மட்டும் மதினி அடுப்படியை விட்டு நகர விடவில்லை. அவர் ஒரு வாய் கறி தின்றார், ஒரு மிடறு குடித்தார். மறுபடியும் கறி, மறுபடியும் ஒயின். தட்டு காலியாகிவிட்டது. பிற்காலத்தில் ஒயின் குப்பியைத் தூக்கிப் பிடித்துப் பிரசங்கம் செய்யும் துரைமார் விருந்துகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். துவர்க்கும் ஒயின் ஒரு சொட்டுக்கூட நாக்கில் படாமல் அதன் ருசியைச் சொன்னவள் எங்கள் மதினி ஒருத்திதான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

சாப்பிட்டு முடித்தவர் எழுந்து நின்றார். இன்னொரு கிண்ணத்தில் ஒயின் ஊற்றி, இரண்டு கையாலும் மதினியிடம் நீட்டினார். அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. வாங்கினால் உறுதி போகும். மறுத்தால் தும்பு போகும்.

மதினி கும்பிட்டாள். “நான் குடிக்கமாட்டேன்னு பதனமாச் சொல்லு தம்பி. அப்புறம், எங்க வீட்டு ஆட்டுக்கறிக்கு அவரு ஒயின் பொருத்தமா இருந்துதான்னு கேளு.”

அண்ணன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். ஆனாலும் ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டேன்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார், காலித் தட்டைப் பார்த்தார், யோசித்தார்.

“தும்பு முழுவதையும் ஏற்றிக்கொள்கிறேன்” என்றார். “அடுத்த வருஷம் வரும்போது, அந்தக் கறிக்குத் தகுந்த ஒயினாகப் பார்த்துக் கொண்டுவருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.”